வெங்காயப் பாத்தியில் ஆட்காட்டி

பயத்தைப் போக்கிக்கொள்ள வந்த செங்கோடனுக்கு நாச்சம்மை ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்.

"இதை வெச்சு என்னங்கம்மா பண்றது?"

"கொத்துங்க."

"நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சுங்க அண்ணா. கிழக்கால கடைசிப் பங்கு சும்மா கிடக்குது. அதை எடுத்துக்குங்க."

ஏரிக்குக் கீழே மடத்து நிலம் இருந்தது. மடத்துக்குப் பெரியவர் நாச்சம்மை. அந்த நிலத்தை அவர் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தார். கேட்டு வந்தவருக்கு ஆளுக்கொரு பங்கு. சீடர்களுக்கும் உண்டு, ஊர்க்காரர்களுக்கும் உண்டு. அவரவர் பங்கில் அவரவர் விரும்பியதை வைக்கலாம். முதல் பறிப்பு மட்டும் மடத்து அடுப்படிக்கு. வேறு நிபந்தனை கிடையாது.

நாச்சம்மை செங்கோடனைவிட மிகவும் இளையவர். அவர் செங்கோடனை அண்ணா என்று கூப்பிட்டார். செங்கோடன் அவரை அம்மா என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருக்கவில்லை.

செங்கோடன் பிறவியில் பயந்தவர் அல்ல. மலைப்பாதையில் பாரவண்டி ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், திருப்பத்தில் யானை. அப்படிப்பட்ட வழியில் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டே போனவர். மனைவி இறந்த பிறகு ஒரே மகள் பாவாயியைத் தனியாளாக வளர்த்தார். கல்யாணமும் செய்து வைத்தார். பாவாயிக்கு முதல் குழந்தை பிறந்தது. தொட்டில் கயிற்றின் புதுவாசனை போவதற்குள் அது இறந்துவிட்டது.

அதன் பிறகுதான் எல்லாம். கதவைத் தாழிட்டுவிட்டுப் படுப்பார், தாழிட்டோமா என்று எழுந்து பார்ப்பார். மாடு இருமினால் எழுந்து போய்த் தடவிப் பார்ப்பார். தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் தனக்குத்தான் கெட்ட செய்தி வருகிறது என்று வாசலுக்குப் போய் நிற்பார். பாவாயி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். மகளைப் போய்ப் பார்க்கவில்லை. வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கொத்தினார். கத்தரி நட்டார், வெண்டை ஊன்றினார், வேலியில் பீர்க்கையும் அவரையையும் ஏற்றிவிட்டார். மண் அவருக்குப் பிடித்துப் போயிற்று. விடிந்ததும் போய் முதல் வேலையாக எந்தக் கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது பிடித்திருந்தது. பீர்க்கம்பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். தட்டாம்பூச்சி மண்வெட்டிக் காம்பின் நுனியில் வந்து உட்காரும், அது பறந்துபோகும் வரை செங்கோடன் மண்வெட்டியைத் தொடமாட்டார். ஒரு கத்தரி இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, தையல்சிட்டு அதற்குள் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கீரி ஒன்று தன் குட்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வரப்பில் போயிற்று.

பார்த்ததும் முகம் மலரும். அடுத்த மூச்சில் வாடிவிடும்.

தேன்சிட்டு இப்படிக் குடைந்தால் பிஞ்சு பிடிக்குமா? கீரி வருகிறது என்றால் பாம்பும் இருக்குமா? தையல்சிட்டு கட்டிய இலை பழுத்து உதிர்ந்தால் குஞ்சு என்ன ஆகும்?

பக்கத்துப் பங்கில் கீரை போட்டிருந்த மாரப்பனுக்குச் சிரிப்பு வரும்.

"செங்கோடா, உன்ற கத்தரி காய்க்கறதுக்குள்ள நீ காஞ்சு போயிருவ."

ஒருநாள் நாச்சம்மை அந்தப் பக்கம் வந்தார். செங்கோடன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, பயம் எப்பங்க போகும்?"

நாச்சம்மை செடியில் இருந்து ஒரு இளம் வெண்டைக்காயை ஒடித்து அவர் கையில் வைத்தார்.

"கடிச்சுப் பாருங்க."

கடித்தார்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. நாளைக்கு முத்திருமேன்னுதான்..."

நாச்சம்மை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் பங்குக்குப் போய்விட்டார்.

சித்திரை பிறந்தது. வெங்காயம் நடுவதற்காக நடுவில் ஒரு பாத்தியைக் கொத்திக் காயப்போட்டிருந்தார் செங்கோடன். நடலாம் என்று உள்ளே இறங்கியபோது தலைக்கு மேலே ஒரு அலறல் கேட்டது. ஆட்காட்டிக் குருவி. மஞ்சள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே முகத்தைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. அவர் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில்தான் பார்த்தார். வெறும் மண்ணில், ஒரு துரும்பு மெத்தைகூட இல்லாமல், கூழாங்கல் போலக் கறுப்புப் புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். அவர் கால் கட்டைவிரலுக்கும் முட்டைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அப்படியே பின்வாங்கினார். வரப்பில் உட்கார்ந்தார்.

"புத்தி கெட்டவளே," என்றார் குருவியிடம். "ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

குருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

காக்கை வரும். நாய் வரும். கீரி இந்த வரப்பில்தான் போயிற்று. செங்கோடன் ஓடிப்போய் இலந்தை முள் வெட்டி வந்தார். முட்டைகளைச் சுற்றி நெருக்கமாக வட்டம் கட்டினார். மேலேயும் முள்ளைப் போட்டு மூடினார். கை முழுவதும் கீறல். ஒரு வண்டு நுழைய முடியாது. மனம் கொஞ்சம் அடங்கியது.

வெயில் ஏறியது. குருவி வந்தது. முள்ளைச் சுற்றிச் சுற்றி நடந்தது, கத்தியது, எட்டிப் போய் நின்றது. உள்ளே போக வழியில்லை. முட்டைகள் வெயிலில் கிடந்தன. முள்ளை எடுத்தால் காக்கை. எடுக்காவிட்டால் வெயில். எடுக்கப் போவார், திரும்பி வருவார்.

மாரப்பன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாச்சம்மை வந்தார். குனிந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வரப்புக்கு வெளியே போட்டார்.

"அம்மா, கீரி வருமுங்க!"

"வரும்."

"காக்கா வருமுங்க!"

"ம்."

கடைசி முள்ளையும் எடுத்துப் போட்டுவிட்டு நாச்சம்மை தூரத்தில் இருந்த பூவரச மரத்தடிக்குப் போனார். செங்கோடனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

குருவியைக் காணோம். ஏரிப் பக்கமாகப் பறந்து போயிருந்தது. செங்கோடன் எழுந்திருக்கப் பார்த்தார். நாச்சம்மை கையைக் காட்டி நிறுத்தினார்.

சற்று நேரத்தில் அது ஏரியில் இருந்து வந்தது. வயிற்று இறகெல்லாம் நனைந்து தொப்பலாக இருந்தது, நடக்கும்போது சொட்டியது. விறுவிறுவென்று நடந்து பாத்திக்குள் போயிற்று. முட்டைகளின் மேல் காலை அகட்டி நின்று, ஈர வயிற்றை அவற்றின் மேல் தாழ்த்தியது.

செங்கோடன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆளுக நடமாடற இடத்துல இப்படித் திறந்து போட்டு உக்காந்திருக்குதே. அதுக்குப் பயமே கிடையாதுங்களா?"

"கத்தறது கேக்கலீங்களா அண்ணா?" என்றார் நாச்சம்மை.

அன்றிலிருந்து செங்கோடன் அந்தப் பாத்தியை விட்டு நகரவில்லை. வாய்க்காலில் அவருடைய முறைத் தண்ணீர் வந்தபோது மடையைத் திறக்கவில்லை. திறந்தால் பாத்தி நிறைந்து முட்டைகள் மூழ்கும். குடத்தில் மொண்டு வந்து, குருவியைச் சுற்றிக்கொண்டு போய், கத்தரிக்கு மட்டும் வேரில் ஊற்றினார். வெண்டை வாடியது. பூவரச நிழலிலேயே சாப்பாடு. காக்கை கரைந்தால் எழுந்து நின்று கல்லைத் தேடுவார். அதே மரத்தில் மீன்கொத்தி வந்து உட்காரும், பச்சைக்கிளிகள் சண்டை போடும். அண்ணாந்து ஒன்றையும் பார்க்கவில்லை.

வைகாசியில் மருமகன் ராக்கியண்ணன் வந்தான். பக்கத்துத் தாலுகாவில் இருந்து விடிகாலை வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். வரப்போரம் நின்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் செங்கோடன். "அம்மிணிக்கு ஏதாச்சும்...?"

"நல்லா இருக்கறா மாமா. நாள் நெருங்கிருச்சு. உங்களைப் பாக்கோணும்னு ஒரே பிடிவாதம். கூட்டிக்கிட்டு வராம வீட்டுக்குள்ள காலை வைக்காதேன்னுட்டா."

செங்கோடன் பாத்தியைப் பார்த்தார்.

"இன்னும் பொரியலைங்களே மாப்பிள்ளை."

"என்னது?"

"ஆட்காட்டி முட்டை. நான் இந்தப் பக்கம் திரும்பினா கீரி தூக்கிட்டுப் போயிரும். பொரியட்டும். வந்துடறேன்."

ராக்கியண்ணன் அவரையும் பாத்தியையும் மாறிமாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று செங்கோடன் எதிர்பார்த்தார். அவன் கோபப்படவில்லை.

"அவ கிட்ட நான் என்ன மாமா சொல்லட்டும்? குருவி முட்டைன்னா சொல்லட்டும்?"

செங்கோடன் பாத்திக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். மருமகன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. நாச்சம்மையின் பங்கில் களை வெட்டும் சத்தம் நின்றுவிட்டு மறுபடியும் தொடங்கியது.

மறுநாள் காலை கீரி வந்தது.

செங்கோடன் பக்கத்திலேயேதான் இருந்தார். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். வெண்டைச் செடிக்குள் இருந்து பழுப்பாக ஏதோ பாய்ந்தது. குருவி இரண்டு சிறகையும் விரித்து அலறியபடி அதன்மேல் விழுந்தது. இணைக் குருவியும் மேலிருந்து பாய்ந்தது. செங்கோடன் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார், கல்லை எறிந்தார், தவறிவிட்டது. கீரி வாயில் ஒரு முட்டையோடு வரப்பைத் தாண்டியது. இன்னொன்று மண்ணில் உடைந்து கிடந்தது. உடைந்ததற்குள் ஈரமாக, கண் மூடி, கால் மடங்கி ஒன்று இருந்தது.

செங்கோடன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நாச்சம்மை வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இங்கதாங்கம்மா இருந்தேன். எங்கயும் போகலைங்க. கண்ணை எடுக்கலைங்க. இருந்தும் போயிருச்சுங்களே."

நாச்சம்மை அவருக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவ இப்ப என்ன பண்றாங்க அண்ணா?"

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவி இருந்த பக்கம் பார்த்தார்.

"உக்காந்திருக்கறா."

"எது மேல?"

"மிச்சம் இருக்கறது மேல."

சொல்லி முடித்ததும் செங்கோடனுடைய வாய் திறந்தபடியே நின்றது. குருவியைப் பார்த்தார். அது கழுத்தை நீட்டி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கணமும் தலை நிற்கவில்லை. உடம்பு மட்டும் அசையவில்லை.

நாச்சம்மை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். தன் பங்குக்குப் போனார்.

செங்கோடன் உடைந்த முட்டையை எடுத்துப் பூவரசுக்குக் கீழே குழி தோண்டி வைத்தார். குடத்தைக் கவிழ்த்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாச்சம்மையிடம் போனார்.

"பாவாயியைப் பாத்துட்டு வந்துடறேனுங்கம்மா."

"சரிங்க அண்ணா."

"இதுகளைக் கொஞ்சம் காப்பாத்துங்க."

"காப்பாத்தறேன்னு சொல்ல மாட்டேன். பாத்துக்கிட்டிருக்கறேன்."

செங்கோடன் நடந்தார். வழியெல்லாம் பயந்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி வேகமாக வந்தபோது ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். அது வைக்கோல் ஏற்றிய வண்டி. ஆற்று மணலில் கால் புதையும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தண்ணீர் குடித்தார். மறுபடி நடந்தார். மகள் ஊர் எல்லையில் யாரோ பெண்கள் கிணற்றடியில் கூடி நின்று பேசுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர்களில் ஒருத்தி, "பாவாயி அப்பனா? போங்க, வலி எடுத்திருச்சு," என்றாள்.

வாசலில் ராக்கியண்ணன் இருந்தான். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. செங்கோடன் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

உள்ளே இருந்து பாவாயியின் குரல் வந்தது. வலியில் கத்திக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "அப்பா வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டேன் கண்ணு. இங்கதான் இருக்கறேன்."

கதவுக்கு வெளியே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அவள் கத்தும்போதெல்லாம் அவருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஒவ்வொரு முறையும், "இங்கதான் கண்ணு," என்று சொன்னார். தொண்டை கட்டிப்போய்க் குரல் வெறும் காற்றாக வந்தது. அப்போதும் சொன்னார். குழந்தை பிறந்து அழுத சத்தம் கேட்டபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் அவர் மடத்துக்குத் திரும்பி வந்தார். ஏரியில் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தது. அவருடைய பங்கில் வெண்டை எல்லாம் முற்றி நின்றது. கத்தரியில் பாதி புழு, பாதி காய். நாச்சம்மை அங்கே அவரைக் கொடிக்குக் கொம்பு கட்டிக்கொண்டிருந்தார். செங்கோடனைப் பார்த்ததும் சிரித்தார்.

"பொம்பளப் பிள்ளைங்கம்மா. ஆத்தாளும் பிள்ளையும் நல்லா இருக்கறாங்க."

"சந்தோசமுங்க அண்ணா."

செங்கோடனுடைய கண் நடுப் பாத்திக்குப் போயிற்று. வெறும் மண்.

"ரெண்டும் பொரிஞ்சுது," என்றார் நாச்சம்மை. "காஞ்சதும் எந்திரிச்சு நடந்துருச்சு. ஏரிப் பக்கமா. அவ கத்திக்கிட்டே பின்னால போனா."

"அப்புறமுங்க?"

"அப்புறம் நான் பாக்கலைங்க."

செங்கோடன் வரப்பில் உட்கார்ந்தார். கொடியின் நுனியைப் பிடித்துக் கொடுத்தார். நாச்சம்மை கட்டினார். வாய்க்காலோரம் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. இரண்டு பேரும் சற்று நேரம் அதைப் பார்த்தார்கள்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணும். பயம் போகலைங்க. ஜாஸ்தியாயிருச்சு. தூங்கறப்ப எந்திரிச்சு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாக்கறேன். மூச்சு வருதான்னு. வந்தாலும் மறுபடி பாக்கறேன்."

"யாரு தூங்கறப்ப?"

"அதுதாங்க, குழந்தை."

"பேரென்ன?"

செங்கோடன் கொடியை விட்டுவிட்டார். தரையில் கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தார்.

"இன்னும் வைக்கலைங்க. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். மொதக் குழந்தைக்கு என்ற சம்சாரம் பேரை வெச்சோமுங்க. நாந்தான் வெச்சேன். தெருவெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சர்க்கரை கொடுத்தேன். போனதுக்கப்புறம் அந்தப் பேரை வாயில எடுக்க முடியலைங்க. எவளையாச்சும் யாராச்சும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் உசிரு போகுது. அதனாலதான். இதுக்கு மொதல்ல பல்லு முளைக்கட்டும், நடக்கட்டும், நாலு வார்த்தை பேசட்டும். கெட்டியான பொறகு பேர் வெச்சுக்கலாம்னு சொல்லிப்போட்டேன்."

"பாவாயி என்ன சொன்னா?"

"மடியில போட்டு அதோட முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா."

நாச்சம்மை கொம்பை ஆட்டிப் பார்த்தார். உறுதியாக நின்றது. கீழே விழுந்து கிடந்த கொடி நுனியை எடுத்து மண்ணைத் துடைத்து அதில் சுற்றிவிட்டார்.

"அதுவரைக்கும், எந்தப் பேருக்குங்க அண்ணா பிள்ளை திரும்பிப் பாக்கறது?"